ஓட்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி

பல் டாக்டரின் கிளினிக்குக்கு வருகிறவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அன்று காலை வந்த பெண்ணோ ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மூடியில் காற்றுக்காகத் துளைகள் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். உள்ளே நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவர் சத்தமில்லாமல் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார்.

“எந்தப் பல்லும்மா?” என்று கேட்டார் டாக்டர்.

“பல்லு இல்லைங்க. சல்லடை அம்மாவைப் பாக்கணும்.”

டாக்டரின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. சல்லடை அம்மா அவருடைய அண்ணி. அதே கட்டடத்தின் மாடியில் குடியிருப்பவர். ஆய்விதழ்களுக்கு வரும் கட்டுரைகளில் உள்ள படங்களைச் சரிபார்ப்பதே அண்ணியின் வேலையாக இருந்தது. ஒட்டுவேலை, வெட்டுவேலை எதுவும் அவர் கண்ணைத் தாண்டிப் போகாது என்பதால் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. ஆராய்ச்சி உலகத்தில் வயிறெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் கடைசியில் அந்த மாடிப்படியைத்தான் ஏறுவார்கள். அப்படி யாராவது ஏறும்போதெல்லாம் கீழே இருக்கும் நாத்தனாரான டாக்டரம்மாவுக்குப் பல் பிடுங்க மனம் வராது. துப்பறியவே பிறந்த தன்னைப் பெற்றவர்கள் பல் மருத்துவத்தில் தள்ளிவிட்டதாக அவருக்குத் தீராத மனக்குறை.

அவசரமில்லாத நோயாளிகளை மாலைக்கு வரச் சொல்லிவிட்டு, வாய் பார்க்கும் சின்னக் கண்ணாடியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அவரும் மாடிக்கு ஓடினார்.

அண்ணி ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். “உக்காரும்மா. நிதானமாச் சொல்லு. அழுதா அழுதுட்டுச் சொல்லு, அவசரமில்லை” என்றார்.

அந்தப் பெண் ஒரு ஆராய்ச்சி மாணவி. அமில மழை பெய்யும் இடங்களில் தோட்டத்து நத்தையின் ஓடு உடைந்தால், அது எப்படித் தன்னைத் தானே ஒட்டவைத்துக்கொள்கிறது என்பது அவள் ஆராய்ச்சி. கட்டுரையை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினாள். அச்சிடும் முன் அறிஞர்கள் இருவர் படித்துப் பார்க்கும் மதிப்பீடு அங்கே நடந்துகொண்டிருக்கும்போதே, அதே முடிவுகளோடும் அதே படங்களோடும் வேறோர் ஆய்விதழில் வேறொருவர் கட்டுரை வந்துவிட்டது. எழுதியவர் பெரிய ஆய்வு நிறுவனம் ஒன்றின் இயக்குநர். உலோகமும் கண்ணாடியும் எப்படி உடைகின்றன என்பதில் பேர் போனவர்.

“இது என் கட்டுரைன்னு நான் அந்த ஜர்னலுக்கு எழுதினதும், அவரே எங்க ஜர்னலுக்குப் புகார் எழுதிட்டாருங்க, நான்தான் அவர்கிட்ட திருடினேன்னு. ஜர்னல்ல இருந்து அது எங்க பல்கலைக்கழகத்துக்கு வந்துருச்சு. நாளைக்கு விசாரணை.” அவள் நோட்டீஸை நீட்டினாள்.

டாக்டர் அதைப் பிடுங்கிப் படித்தார். “‘இயக்குநரின் படங்களை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுத் தன்னுடையவை போலக் காட்டியிருக்கிறார்.’ அடப்பாவி! ஆனா யாரு முதல்ல அனுப்பினதுன்னு தேதி இருக்குமே?”

“நான் தான் முதல்ல அனுப்பினேன். ஆனா அவர் என்ன சொல்றாருன்னா, அந்தப் படமெல்லாம் ரொம்ப முன்னாடியே அவர் லேப்ல எடுத்ததாம். எங்க கைடு அங்க ஒரு கருத்தரங்குக்குப் போனப்ப பாத்து எடுத்துட்டு வந்துட்டாராம். கைடு அங்க போனது நிஜம். என் ஒரிஜினல் படங்க இருந்த கம்ப்யூட்டரும் தீஞ்சு போச்சு.” அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். “பட்டம் போனாக்கூடப் பரவாயில்லைங்க. எங்கப்பா பஸ் ஓட்டுறாரு. பஸ்ல யாராவது பர்ஸை விட்டுட்டுப் போனா அன்னிக்கே டிப்போல குடுத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு. அவர் நேத்து போன்ல கேட்டாரு, ‘நீ எடுத்தியாம்மா?’ன்னு. என்னால பதிலே சொல்ல முடியலை. வச்சுட்டேன்.”

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணி இரண்டு கட்டுரைகளின் படங்களையும் மேஜையில் அருகருகே வைத்தார். இரண்டும் ஒரே நத்தை, ஒரே விரிசல். ஆனால் ஒன்று இடப்பக்கம் பார்த்தது, மற்றொன்று வலப்பக்கம். டாக்டர் சும்மா இருக்க மாட்டாமல் பையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாணவியின் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். கண்ணாடிக்குள் இயக்குநரின் படம் அச்சு அசலாகத் தெரிந்தது.

“பாத்தீங்களா அண்ணி? நான் தினமும் வாய்க்குள்ள பாக்கறது இப்படித்தான். ஆனா எது நிஜம், எது கண்ணாடின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“டப்பாவைத் திற” என்றார் அண்ணி.

நத்தை ஒவ்வொன்றின் முதுகிலும் சின்னதாக ஒரு புள்ளி இருந்தது. சிலதுக்குச் சிவப்பு, சிலதுக்கு நீலம்.

“இது என்ன, பொட்டு வச்சு விட்டிருக்கே?” என்றார் டாக்டர்.

“எந்த நத்தை எந்தக் குழுன்னு அடையாளம்ங்க. நெயில் பாலிஷ். மண்ணுல உரசினாலும் போகாது. நத்தை ஆராய்ச்சி பண்றவங்க எல்லாரும் இப்படித்தான் பண்ணுவோம். ஜர்னல் ஆபீஸ்ல கூடக் கேட்டாங்க, கம்ப்யூட்டர்ல வச்ச புள்ளியான்னு. நெயில் பாலிஷ்னு பதில் போட்டேன்.”

“கட்டுரையில எழுதினியா?” என்று கேட்டார் அண்ணி.

மாணவி தலையைக் குனிந்தாள். “எழுதினேன். கைடு அந்த வரியை வெட்டிட்டாரு. நெயில் பாலிஷ்னு போட்டா நம்மளப் பாத்துச் சிரிப்பாங்கன்னாரு.”

டப்பாவின் ஓரத்தில் காலி ஓடுகளும் கிடந்தன; அண்ணி அவற்றில் ஒன்றை எடுத்தார். கூர் நுனி மேலே, ஓட்டின் திறந்த வாய் தம்மைப் பார்த்தபடி பிடித்தார். வாய் வலப்பக்கம் இருந்தது. இன்னொன்றை எடுத்தார்; அதற்கும் வலப்பக்கம். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் பார்த்தார். மாணவியின் படத்திலும் வலப்பக்கம். இயக்குநரின் படங்களில் மட்டும் இடப்பக்கம்.

“இந்த நத்தை எப்பவும் வலது பக்கம்தான் சுத்தும் இல்லையா?”

“ஆமாங்க! இடது சுத்து அபூர்வம். ஒண்ணு கிடைச்சாலே அதுக்குத் தனியாக் கட்டுரை எழுதிடுவோம்.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யோ, நான் இதைப் பாக்கவே இல்லையே! என் படம் அங்க இருக்கேங்கற பதற்றத்துல...”

“பிடிச்சாச்சு!” என்று துள்ளினார் டாக்டர்.

“பாதிதான் பிடிச்சிருக்கோம். அச்சுல திருப்பிட்டாங்கன்னு ஒரே வார்த்தையில தப்பிச்சுடுவாரு. மதிப்பீட்டாளருங்க எழுதினதைக் குடும்மா.”

இரண்டு அறிக்கைகள் இருந்தன. எழுதியவர் பெயர் இரண்டிலும் இல்லை. மதிப்பீட்டாளரின் பெயரை இதழ் வெளியே சொல்லாது. முதலாவது நாலு வரிப் பாராட்டு. இரண்டாவது நீண்டுகொண்டே போயிற்று. டாக்டர் நாடகக் குரலில் வாசித்தார்: “‘சோதனையை ஒரு முழு மழைக்காலத்துக்கு மீண்டும் செய்ய வேண்டும். மண்ணின் ஈரப்பதத்தை அளந்த முறை ஐயத்துக்குரியது. சில ஓடுகளின் மேல் காணும் செந்நிறப் படிவைப் பற்றிக் கட்டுரையாளர் மௌனம் சாதிப்பது வியப்பளிக்கிறது. மேற்கோள்கள் போதாது. மொழிநடை சீராக இல்லை.’ வாய்க்கு வந்ததெல்லாம் எழுதியிருக்கான்!”

“முழு மழைக்காலம்னு பாத்ததுமே எனக்குத் தலை சுத்திருச்சு. மத்தது எதுவும் மண்டையில ஏறலை. அந்த மழைக்காலம் முடியறதுக்குள்ளதான் அவர் கட்டுரை வந்துச்சு.”

“அவர் கட்டுரையை முழுசாப் படிச்சியா?” என்று கேட்டார் அண்ணி.

“படத்தைப் பாத்ததும் மூடிட்டேங்க. படிக்க முடியலை.”

அண்ணி முழுவதையும் படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும் அவர் உதடு லேசாகத் துடித்தது. அண்ணி சிரிப்பை அடக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று நாத்தனாருக்குத் தெரியும்.

“என்ன அண்ணி? சொல்லுங்க! கைடுதான் வித்துட்டாரா? எனக்கு முதல்ல இருந்தே அந்த ஆள் மேல சந்தேகம்.”

“நீ அவரைப் பாத்ததே இல்லையே.”

“வரியை வெட்டினாருல்ல? அது போதாதா? சரி, அந்த இதழாசிரியருக்குப் போன் போட்டு ரெண்டாவது ரெவ்யூவர் யாருன்னு கேட்டுடுங்களேன். உங்களுக்குப் பழக்கம்தானே.”

“கேக்கக் கூடாது. நான் கேட்டா அவங்க சொல்லவும் கூடாது. அடுத்தவங்க ரகசியத்தை உடைச்சு இந்தப் பொண்ணோட நியாயத்தை வாங்கினா அது நியாயமா இருக்காது” என்றார் அண்ணி. “அவங்களைக் கோப்போட நாளைக்கு வரச் சொல்றேன், அவ்வளவுதான். நீ கொஞ்சம் பஞ்சும் நெயில் பாலிஷ் ரிமூவரும் எடுத்துட்டு வா.”

மறுநாள் விசாரணை அறையில் நீளமேஜையின் தலைப்பக்கத்தில் குழுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் இயக்குநர்; எதிரே மாணவியும், நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த கைடும். மூலையில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு இதழாசிரியர். நரைத்த தலை, நேரான முதுகு.

இயக்குநர் பெருந்தன்மையின் மறு உருவமாக இருந்தார். “சின்னப் பொண்ணு. அறியாம செஞ்சிருக்கும். எனக்குக் கோபமே இல்லை. பட்டத்தை மட்டும் குடுக்காதீங்க, மத்தபடி மன்னிச்சு விட்டுடலாம்” என்றார். டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மயக்க ஊசி போடாமல் இந்த ஆளுக்குப் பல் பிடுங்கினால் எப்படி இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்துக்கொண்டார்.

மாணவியின் சார்பில் பேச அனுமதி வாங்கிக்கொண்டு அண்ணி எழுந்தார். மேஜையில் காலி ஓடுகளை வரிசையாக வைத்தார். “ஐயா, உங்க புகார்ல, உங்க படத்தை இந்தப் பொண்ணு திருப்பிப் போட்டான்னு எழுதியிருக்கீங்க. அப்ப உங்க படம்தான் நேர்ப் படம். சரியா?”

“சந்தேகமே வேண்டாம்.”

“இந்த ஓடுகளைப் பாருங்க. எல்லாத்துக்கும் வாய் வலது பக்கம். உங்க படத்துல எல்லாமே இடது பக்கம்.”

“அதனால என்ன? தலைகீழா வச்சு எடுத்திருப்பாங்க.”

“திருகாணியைத் தலைகீழாப் பிடிச்சா மரை மாறிடுமா? ஓட்டை எப்படித் திருப்பினாலும் சுருள் மாறாது. கண்ணாடியில பாத்தா மட்டும்தான் மாறும்.” டாக்டர் கேட்காமலே பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நீட்டினார். குழுத் தலைவர் அதை வாங்கி ஓட்டுக்கு நேரே பிடித்து, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இயக்குநர் புன்னகையை விடவில்லை. “அப்ப அச்சுல திருப்பிட்டாங்க. அது அச்சகத்துத் தவறு. எப்படியும் படம் என் லேப்ல எடுத்தது. என் ஆளுங்க, என் நத்தைங்க.”

“ரொம்ப நல்லது. உங்க நத்தைங்கதானே, அப்ப ஒரு விளக்கம் கேக்கறேன். ஓட்டு மேல இந்தச் சிவப்புப் புள்ளி என்ன?”

இயக்குநர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல முன்னால் சாய்ந்தார். “அதுதான் என் கண்டுபிடிப்போட உயிர்நாடி! இந்தப் பொண்ணு கட்டுரையில அதைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா? இல்லை. ஏன்னா அவளுக்கு அது புரியலை. கடைசிப் பகுதியில நான் விரிவா எழுதியிருக்கேன். அது இரும்புக் கனிமப் படிவு. அமில மழையில ஓடு உடையும்போது நத்தை மண்ணுல இருக்கற இரும்பை உறிஞ்சி அந்த இடத்தை உறுதிப்படுத்துது.”

“ஊகமா? சோதிச்சுப் பாத்தீங்களா?”

“கருவியில வச்சு உறுதி செஞ்சோம். சுத்தமான இரும்பு.”

“நீங்க பக்கத்துல இருந்து பாத்தீங்களா?”

“நானே பாத்தேன்!”

அண்ணி நாத்தனாரைப் பார்த்துத் தலையசைத்தார். டாக்டர் வாழ்க்கையில் எந்தப் பல்லையும் இவ்வளவு ஆசையோடு தொட்டதில்லை. பஞ்சை ரிமூவரில் நனைத்தார். சிவப்புப் புள்ளி வைத்த ஓட்டை எடுத்து ஒரே ஒரு தடவை துடைத்துவிட்டு, பஞ்சைத் தூக்கிக் காட்டினார். பஞ்சு சிவந்திருந்தது; ஓடு பளபளவென்று வெறுமையாக இருந்தது. அறை முழுக்க அந்த வாசனை பரவியது.

“இரும்புங்க, சுத்தமான இரும்பு,” என்றார் டாக்டர். “அழகு சாமான் கடையில சின்ன பாட்டில்ல கிடைக்குது. என் வீட்லயே மூணு கலர் இரும்பு வச்சிருக்கேன்.”

குழுத் தலைவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். மாணவி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

அண்ணியின் குரல் மட்டும் உயரவே இல்லை. “நத்தை ஆராய்ச்சி பண்ற யாருக்கும் இது நெயில் பாலிஷ்னு பாத்ததுமே தெரியும். ஐயாவுக்குத் தெரியலை, ஏன்னா அவர் நத்தையைக் கையில எடுத்ததே கிடையாது. அவர் கையில இருந்தது படம் மட்டும்தான். விளக்கம் இல்லாத படம். அது எப்படி அவர் கைக்கு வந்துச்சு?”

கைடு பாதி எழுந்து, “நான் குடுக்கலைங்க. சத்தியமாக் குடுக்கலை” என்றார்.

“தெரியுங்க. நெயில் பாலிஷ்ங்கற வரியை வெட்டினதே நீங்க. நீங்க குடுத்திருந்தா விஷயத்தையும் சொல்லியிருப்பீங்க. இந்த இரும்புக் கதையே பிறந்திருக்காது.” கைடு அப்போதுதான் மூச்சு விட்டார். முதல் நாளிலிருந்து அவரைச் சந்தேகப்பட்ட டாக்டர், கூரையைப் பார்த்துக்கொண்டார். அண்ணி தொடர்ந்தார். “இதழாசிரியருக்கும் அது நெயில் பாலிஷ்னு தெரியும். இந்தப் பொண்ணு அவங்க ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கா. அப்ப படத்தைப் பாத்தும் விஷயம் தெரியாதவங்க மதிப்பீட்டாளருங்க ரெண்டு பேர் மட்டும்தான். அதுல ஒருத்தர் எழுதியிருக்கறதைக் கேளுங்க. ‘செந்நிறப் படிவைப் பற்றிக் கட்டுரையாளர் மௌனம் சாதிப்பது வியப்பளிக்கிறது.’ நெயில் பாலிஷைப் படிவுன்னு நினைச்சவங்க உலகத்துல ரெண்டு பேரா இருக்க முடியும்?”

இதழாசிரியர் முதல் முறையாக வாயைத் திறந்தார். “ஒரு தப்பை நான் ஒத்துக்கணும். இந்தப் பொண்ணு அனுப்பின விளக்கத்தை மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பியிருக்கணும். அனுப்பாம விட்டுட்டோம்.”

மூழ்குகிறவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி இயக்குநர் பாய்ந்தார். “பாத்தீங்களா! அப்ப தப்பு உங்க மேலதானே? அந்த விளக்கத்தை எனக்கு அனுப்பியிருந்தா நான் எதுக்கு—”

நின்றுவிட்டார். மேஜை மேல் ரிமூவர் பாட்டில் மூடி திறந்தபடி இருந்தது. டாக்டர் மெதுவாகப் போய் அதை மூடினார்.

“மதிப்பீட்டாளர் பேரை நான் சொல்லக் கூடாது,” என்றார் இதழாசிரியர், கோப்பைத் திறக்காமலே. “நான் சொல்லவும் இல்லை. இந்த அறையில எல்லாரும் அதுக்குச் சாட்சி. புகார் வந்தப்பவே எனக்கு உறுத்துச்சு, ஆனா பேரைச் சொல்லாம எதையும் நிரூபிக்க முடியலை. ஒருத்தர் நம்பி அனுப்பின கட்டுரையை எடுத்துத் தன் பேர்ல போட்டுட்டு, அவங்க மேலயே புகாரும் எழுதினவர் இனிமே எங்க இதழுக்குள்ள காலெடுத்து வைக்க முடியாது. உங்க கட்டுரையைப் போட்ட இதழுக்கும் உங்க நிறுவனத்துக்கும் இன்னிக்கே எழுதறேன்.”

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். வரும்போது இருந்த பெருந்தன்மை எதையும் காணோம். யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து போனார். குழுத் தலைவர் நோட்டீஸை எடுத்து, அதன் குறுக்கே ‘குற்றச்சாட்டு ஆதாரமற்றது, கைவிடப்படுகிறது’ என்று பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்து நின்று மாணவியிடம், “எங்களை மன்னிச்சுடும்மா” என்றார்.

வராந்தாவில் டாக்டர் மாணவியைத் தூக்கிச் சுற்றாத குறை. “அண்ணி, ஒண்ணு யோசிச்சீங்களா? கைடு அந்த வரியை வெட்டினதாலதானே திருடன் மாட்டினான்! அவருக்கு மாலை போடணும்.”

“வேண்டவே வேண்டாம்” என்றார் கைடு. அவர் முகம் சிவந்திருந்தது. “அது அதிர்ஷ்டம். செஞ்சதை மறைச்சது என் தப்புதான். சிரிப்பாங்களேன்னு பயந்தேன். என் மாணவியை அங்க குத்தவாளி மாதிரி உக்கார வச்சப்பவும் பயத்துல வாய் திறக்கலை. அந்த வரியை இன்னிக்கே சேத்துடும்மா.”

“சேத்துடுங்க,” என்றார் அண்ணி. “செஞ்சதைச் செஞ்சபடி எழுதறதுதான் ஆராய்ச்சி. யாரு சிரிச்சா என்ன?”

இதழாசிரியர் படியிறங்கும்போது திரும்பி, “சேத்து அனுப்புங்க. இந்தத் தடவை மழைக்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்” என்றார்.

மாணவி தனியே ஜன்னலோரம் போய் அப்பாவுக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் பஸ் நிலையத்தின் இரைச்சல் கேட்டது.

“அப்பா, நான் எடுக்கலைப்பா. எல்லார் முன்னாடியும் நிரூபிச்சாச்சு. அவர்தான் எடுத்தாரு.”

இரைச்சல் கொஞ்சம் விலகியது; அப்பா ஓரமாக வந்திருக்க வேண்டும்.

“நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா?” என்றார் அப்பா. “இல்லைன்னு உன் வாயால ஒரு தடவை கேக்கணும் போல இருந்துச்சு. நீ போனை வச்சதும் ஒரே கவலையாப் போச்சு. சரி, சாப்பிட்டியா?”

“இன்னும் இல்லைப்பா.”

“முதல்ல போய்ச் சாப்பிடு. வண்டி எடுக்கணும், வச்சுடறேன்.” வைப்பதற்கு முன்னால், பக்கத்தில் யாரிடமோ அவர் உரக்கச் சொல்வது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. “என் பொண்ணுதான்யா! ஜெயிச்சுட்டாளாம்!”